கேற்றடிக் கதிரை

எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். படிவம் நிரப்பும் முறையை என்னிடம் கேட்காதீர்கள், அதை உங்களுக்குப் படிப்பித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். நலன்புரி உத்தியோகத்தர் என்று கழுத்தில் அட்டையும் தொங்குகிறது. என் காலத்தில் இந்த வேலைக்குப் பெயரே இல்லை. "அடிபட்ட ஆக்களைப் பாக்கிறவர்" என்பார்கள். அவ்வளவுதான்.

நான் எழுத வந்தது ஒரு கதிரையைப் பற்றி.

புதிதாக ஒரு ஆலைக்குப் போனால் முதலில் கேற்றைப் பாருங்கள். கந்தோருக்குள் பிறகு போகலாம். அநேகமாகக் கேற்றடியில் ஒரு கதிரை கிடக்கும். அதில் கைக்குக் கட்டுப் போட்ட ஒருவரோ காலை நீட்டிய ஒருவரோ இருப்பார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். அங்கே என்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்கு அப்போதே விளங்கவேண்டும்.

எங்கள் ஆலையில் அந்தக் கதிரையைப் போட்டது நான்.

கோப்பாய்ப் பக்கம் ஒரு கறித்தூள் ஆலை. தூள் வெளிநாட்டுக்கும் போகும். நான் மூட்டை தூக்க வந்தவன். ஒரு நாள் மல்லி மூட்டை அடுக்குச் சரிந்து என் இடுப்பில் விழுந்தது. ஆறு மாதம் படுக்கை. எழும்பி வந்தபோது, இனி உன்னால் ஏலாது, வீட்டில் இரு என்றார் முதலாளி. நான் போகவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் வந்து கந்தோர் வாசலில் நின்றேன். பதினோராம் நாள் களஞ்சியப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை என் கையில் தந்தார்.

"இடுப்பு உடைஞ்சவனுக்குத்தானே நோ தெரியும். இனி அடிபடுறவங்களையும் நீயே பார்."

பகிடியாகத்தான் சொன்னார். அதுவே என் வேலையாயிற்று.

சிவமலர் நீர்வேலிப் பிள்ளை. ஆலையில் வறுவல் அவளுடைய பொறுப்பு. விறகு அடுப்புக்கு மேலே ஒரு பெரிய இரும்புப் பீப்பா சுழலும். அதற்குள் மல்லியும் செத்தல் மிளகாயும் சீரகமும் வறுபடும். பதம் பார்க்க அவள் மணிக்கூட்டைப் பார்த்ததில்லை. மணமும் சத்தமும் அவளுக்குக் காணும். "அண்ணை, மல்லி கதைக்கத் துடங்கிட்டுது, இறக்கப்போறன்" என்பாள். பத்து வருடத்தில் அவள் இறக்கிய மல்லி கரிந்து நான் கண்டதில்லை.

அரைக்கும் மெசினோடு அவளுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றைக்கு அரைக்கிறவர் வரவில்லை. நீ போய் நில் என்று முதலாளி இவளை அனுப்பினார். மெசினின் வாயில் சரக்கு அடைத்தால் தள்ளிவிட ஒரு மரக்கட்டை இருக்கவேண்டும். தள்ளுகட்டை என்போம். அது உடைந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. புதியது வேண்டும் என்று என்னிடம் சொன்னார்கள். நான் முதலாளியிடம் சொன்னேன். பார்ப்பம் என்றார். நான் திரும்பக் கேட்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அவள் கையால் தள்ளினாள். வலக்கையில் நடுவில் மூன்று விரல் போயிற்று. பெருவிரலும் சின்ன விரலும் மிஞ்சின.

இரத்தத்தைப் பற்றி எழுதமாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறெரிகிறது.

மூன்றாம் நாள் மெசினுக்குக் கழிப்புக் கழித்தார்கள். தோஷம் போகவேண்டுமாம். நீத்துப்பூசணிக்காய் வெட்டிக் குங்குமம் பூசினார்கள். தேங்காய் உடைத்தார்கள். மெசினின் கழுத்தில் கம்பி கட்டித் தேசிக்காய் கோத்துத் தொங்கவிட்டார்கள். கர்ப்பூரத் தட்டை நான்தான் பிடித்தேன். பூசை முடிய ஆளுக்கொரு வாழைப்பழம். மத்தியானம் மெசின் ஓடத் தொடங்கிவிட்டது.

எனக்குச் சாமியோடு கோபம் இல்லை. கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தேசிக்காய் தேடி மூன்று பேர் மூன்று சைக்கிளில் ஓடினார்கள். தள்ளுகட்டை செய்ய ஒருத்தரும் போகவில்லை. கையை எடுத்த மெசின் மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டது. கையைக் கொடுத்தவள் எப்போது திரும்புவாள் என்று அந்தப் பூசையில் ஒரு வாய் கேட்கவில்லை. என் வாயும் கேட்கவில்லை. வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு மிஸ் இருந்தார். பெயர் வேண்டாம். காயம் ஆறிய பிறகு சிவமலரை ஓட்டோவில் அவரிடம் கூட்டிப்போனேன். மிஸ் கையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, இவ என்ன வேலை செய்யிறவ?"

"வறுக்கிறவ, மிஸ்."

"என்னத்திலை வறுக்கிறவ?"

"பீப்பாவிலை."

"பீப்பாவைக் கவிழ்க்கிற பிடி எந்தப் பக்கம் இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. வருடக்கணக்காய்த் தினமும் அதைக் கடந்து போனவன். சிவமலர் வாய் திறக்க, மிஸ் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"உங்களுக்குத் தெரியும், பிள்ளை. இவருக்குத்தான் தெரியவேணும். ஐயா, கையை நான் பாக்கிறன். நீங்கள் போய் வேலையைப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ."

நான் போய்ப் பார்க்கவில்லை. அன்றைக்கு லொறி ஏற்றவேண்டி இருந்தது. அடுத்த நாளும் ஏதோ இருந்தது. பிறகு மறந்துவிட்டேன்.

தையில் கை போயிற்று. சித்திரையில் அவள் வேலைக்கு வந்தாள். நான் நல்லது செய்வதாக நினைத்தேன். களஞ்சியத்தில் கிடந்த வேப்பமரக் கதிரையைத் துடைத்துக் கேற்றடியில் போட்டேன். வருகிற லொறி இலக்கத்தைக் கொப்பியில் எழுதவேண்டும், அவ்வளவுதான் வேலை என்றேன். நிழலும் இருந்தது. "கஷ்டமில்லாத இடம், பிள்ளை" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்தேன்.

வலக்கையால் எழுத ஏலாது. இடக்கையால் மெல்ல மெல்ல எழுதுவாள். லொறிக்காரருக்குப் பொறுமை இல்லை. கொப்பியைப் பறித்துத் தாங்களே எழுதிவிட்டுப் போவார்கள். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் "பாவம்" என்றுவிட்டுப் போவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பாவம் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அந்தக் கொப்பி நிரம்பியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று தூள் வாங்க வந்தது. முதலாளி அவர்களைக் கேற்றடியில் நிறுத்தினார்.

"எங்கடை ஆக்களை நாங்கள் கைவிடமாட்டம். பாருங்கோ, கை போன பிள்ளைக்கும் வேலை குடுத்து வைச்சிருக்கிறம்."

அவர்கள் அவளோடு நின்று படம் எடுத்தார்கள். போகும்போது ஒரு பை சொக்கிளேற்றை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். குழந்தைக்குக் கொடுப்பதுபோல. நான் களஞ்சிய வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பையைக் கதிரைக்குக் கீழே வைத்தாள். பின்னேரம் வீட்டுக்குப் போகும்போதும் அது அங்கேயே கிடந்தது. எறும்பு மொய்த்தது.

ஆடியில் அவள் வரவில்லை. மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் சைக்கிளில் நீர்வேலிக்குப் போனேன்.

வாழைத் தோட்டத்துக்குப் பின்னால் வீடு. படலையைத் திறக்கும்போதே மல்லி மணம் வந்தது. கிணற்றடியில் மூன்று கல் வைத்துத் தாச்சியில் வறுத்துக்கொண்டிருந்தாள். அகப்பை இடக்கையில். தாச்சியின் காதைத் துணி சுற்றி, வலக்கையில் மிஞ்சிய இரண்டு விரலால் பிடித்திருந்தாள். தாச்சி அசையவில்லை.

"என்ன பிள்ளை, வேலைக்கு வரேல்லை?"

"எந்த வேலை அண்ணை?"

"கேற்றிலை..."

"அங்கை ஒரு நாயைக் கட்டிவிடுங்கோ. லொறி வந்தால் குலைக்கும். என்னைவிட வடிவாச் செய்யும்."

"உனக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதெண்டுதான் பிள்ளை..."

"எனக்குக் கஷ்டமெண்டு நான் உங்களுக்குச் சொன்னனானோ?"

"இல்லை."

"அப்ப ஆர் சொன்னது?"

நான் கிணற்றுக் கட்டில் இருந்தேன். அவள் கிளறுவதை நிறுத்தவில்லை.

"இடுப்பு உடைஞ்சு வந்து கந்தோர் வாசலிலை பதினொரு நாள் நிண்டனீங்களாம். பரமேஸ் அக்கா சொன்னவ. மெய்தானே?"

"ஓம்."

"உங்களுக்காகப் பதினொரு நாள் நிண்டனீங்கள். எனக்காக எத்தினை நாள் நிண்டனீங்கள்?"

மல்லி வெடிக்கத் தொடங்கியது. அவள் தாச்சியை இறக்கினாள். ஒரு மல்லி கரியவில்லை.

"எனக்குப் பீப்பா வேணும் அண்ணை. வேறை ஒண்டும் வேண்டாம். ஆவணி முடிய, என்ரை இடத்திலை வறுக்கிற அந்தப் புதுப்பிள்ளையை நிரந்தரமாக்கப் போறார் முதலாளி. பேந்து எனக்கு அங்கை இடமில்லை. கதிரைதான்."

பிறகு தேத்தண்ணி தந்தாள். கோபத்திலும் பனங்கட்டியைப் பெரிய துண்டாகத்தான் வைத்தாள்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் பீப்பாவுக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து இருந்தேன். வறுவல் பகுதியில் மூத்தவர் பரமேஸ் அக்கா.

"என்ன தம்பி, தவமோ?"

"வேலையைப் பாக்கிறன் அக்கா."

"முப்பது வருசமா இஞ்சைதானே நிக்கிறாய். இப்பதான் கண் தெரியுதோ?"

மத்தியானம் வரை எழும்பவில்லை. புதுப்பிள்ளை செய்த ஒவ்வொன்றையும் பார்த்தேன். மூட்டை தூக்குவது எப்போதும் இரண்டு பேர். விறகு தள்ள ஒரு கை போதும். பதம் பார்க்க மூக்கும் காதும் வேண்டும், புதுப்பிள்ளைக்கு அதுதான் இல்லை. ஐந்து விரலும் கட்டாயம் வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. பீப்பாவைக் கவிழ்க்கும் பிடி. அதை இறுக்கிப் பிடித்து இழுக்கவேண்டும். அது வலப்பக்கம் இருந்தது.

மிஸ் கேட்ட கேள்விக்குக் கை போய் ஏழாம் மாதம் பதில் கிடைத்தது.

பக்கத்தில் வெல்டிங் கடை. அந்தத் தம்பியைக் கூட்டிவந்து காட்டினேன்.

"பிடியை மற்றப் பக்கம் மாத்திறதோ? அரை நாள் வேலை அண்ணை. இவ்வளவு நாளும் ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?"

அரை நாள். அதற்காக ஒரு பெண்ணை நாலு மாதம் கேற்றில் காட்சிக்கு வைத்திருந்தோம்.

முதலாளியிடம் போனேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிடி மாத்தலாம். ஆனா அவளாலை ஏலுமோ? வந்து எல்லாருக்கும் முன்னாலை ஒருக்கா வறுத்துக் காட்டட்டும். பாப்பம்."

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். எனக்கு "சரி" என்று அரைவாசி வாய்க்கு வந்துவிட்டது. அவள் எப்படியும் வறுத்துக் காட்டுவாள் என்று எனக்குத் தெரியும். சுகமான வழி. உங்களுக்கும் ஒரு நாள் இப்படிச் சுகமான வழி ஒன்றைக் காட்டுவார்கள். அப்போதுதான் அந்தச் சொக்கிளேற் பை நினைவுக்கு வந்தது. திரும்பவும் அவளை எல்லாரும் பார்க்க நிறுத்தப்போகிறோம்.

"பத்து வருசம் வறுத்தவளுக்குச் சோதினையோ முதலாளி? அப்ப மெசினையும் சோதிப்பம்."

"மெசினுக்குத்தான் கழிப்புக் கழிச்சாச்சே."

"கையைத் திண்டது மெசின். அதை மூண்டாம் நாள் வேலைக்கு எடுத்தியள். அதை ஒருத்தரும் அரைச்சுக் காட்டச் சொல்லேல்லை."

"உனக்கு வாய் கூடிப்போச்சு."

"தள்ளுகட்டை இன்னும் இல்லை. இண்டைக்கும் அங்கை கையாலைதான் தள்ளுறாங்கள்."

"நவராத்திரி வருது. பூசை முடியட்டும், எல்லாம் பாப்பம்."

"அதுக்கு முன்னம் ஆவணி முடிஞ்சிடும்."

"பிடிக்காட்டில் நீயும் போகலாம்."

இடுப்பிலிருந்த திறப்புக் கோர்வையைக் கழற்றி மேசையில் வைத்தேன். வாசலுக்கு வந்தேன். பழைய இடத்திலேயே நின்றேன். இடுப்பு வலித்தது.

அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். திறப்பைத் திருப்பித் தந்தார். "பிடியை மாத்து" என்றார். என் வீரத்துக்காக அவர் இறங்கியதாக நினைக்காதீர்கள். அந்தக் கிழமை இரண்டு கடைக்காரர் தூளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கரிந்த மணமாம். நியாயத்துக்கு இறங்காத மனிதர் கரிந்த மல்லிக்கு இறங்கினார். இதையும் எழுதி வையுங்கள். உங்கள் பாடப் புத்தகத்தில் இது இருக்காது.

வெல்டிங் செய்த அன்று வறுவல் பகுதியில் முணுமுணுப்பு. கை போனவள் திரும்ப வந்தால் ராசி எப்படியோ என்றார் பரமேஸ் அக்கா. நல்ல மனுசி. சிவமலர் கையை இழந்த அன்று தன் சேலையைக் கிழித்துக் கட்டியவரும் அவர்தான். அவருக்கே அந்தப் பயம்.

"அக்கா, ராசி இல்லாதது அந்த மெசின். அதுக்குப் பக்கத்திலை ஏழு மாதமா நிக்கிறியள்."

நான் அரைக்கும் மெசினுக்குப் போனேன். தேசிக்காய் காய்ந்து கறுத்துத் தொங்கியது. கழற்றி மரத்தடியில் வைத்தேன். நான் பாலை மரத்தில் செய்வித்த புதுத் தள்ளுகட்டையை அதே கம்பியில் கட்டினேன். முதலாளி கண்டார். கந்தோருக்குள் திரும்பிப் போனார்.

சிவமலர் ஆவணிக் கடைசித் திங்கள் வந்தாள். ஒருவரும் கூடக்கூடாது, கை தட்டக்கூடாது என்று முதல் நாளே எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அவள் நேரே பீப்பாவுக்குப் போகவில்லை. அரைக்கும் மெசினடிக்குப் போனாள். நின்றாள். தள்ளுகட்டையை இடக்கையால் பிடித்துப் பலமாக ஒரு இழுவை இழுத்தாள். கம்பி அறவில்லை.

"இது துலைஞ்சால் உங்களைத்தான் கேப்பன் அண்ணை."

"கேள்."

பிறகு பீப்பாவுக்குப் போனாள். முதல் நாள் இரண்டு தரம் பிடி வழுக்கியது. புதுப்பிள்ளை உதவிக்கு ஓடி வந்தது. "நில் பிள்ளை, நான் கூப்பிட்டால் வா" என்றாள். மூன்றாம் தரம் கவிழ்த்தாள். அந்தப் புதுப்பிள்ளையை வேலையால் நிறுத்தவும் விடவில்லை. தனக்குப் பக்கத்தில் வைத்து மணம் பழக்கினாள்.

இத்தோடு முடித்தால் நான் நல்ல மனுசன் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆகவே மிச்சத்தையும் எழுதவேண்டும்.

ஐப்பசியில் லொறி ஏற்றும் குணம் கால் முறிந்து, ஊன்றுகோலோடு வேலைக்கு வந்தான். முதலாளி கந்தோருக்குள் இருந்தபடியே சொன்னார்: "கேற்றடிக் கதிரையிலை இருத்து."

நானும் "ஓம்" என்றேன். கதிரையைத் தேடிக் கேற்றடிக்குப் போனேன். பட்ட அத்தனையும் பட்ட பிறகும் என் கால் அங்கேதான் போயிற்று. எனக்கு இன்னும் வெட்கம்.

கதிரை இல்லை. களஞ்சியத்தில் பார்த்தேன். இல்லை. வறுவல் பகுதிக்குப் போனேன்.

"கதிரையைக் கண்டனீங்களோ?"

"எந்தக் கதிரை?" என்றாள் சிவமலர். திரும்பிப் பார்க்கவில்லை.

"கேற்றடிக் கதிரை."

"அதுவோ. அது இந்த மல்லியோடை போகுது."

குனிந்து பார்த்தேன். பீப்பாவுக்குக் கீழே அடுப்பில் விறகோடு விறகாய் ஒரு கதிரைக்கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பரமேஸ் அக்கா அதைக் காலால் உள்ளே தள்ளினார்.

"நல்ல வேம்பு தம்பி. நிண்டு எரியுது."

"முதலாளி கேட்டால் என்ன சொல்லுறது?"

"கழிப்புக் கழிச்சனாங்கள் எண்டு சொல்லு."

சிவமலர் இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"குணம் எங்கை?"

"கேற்றடியிலை நிக்கிறான்."

"அவனுக்கு வேறை என்ன வேலை தெரியுமெண்டு கேட்டனீங்களோ?"

"இல்லை."

"போய்க் கேளுங்கோவன்."

போய்க் கேட்டேன். மூட்டை வாய் தைப்பேன் என்றான். எனக்குத் தெரியாது, ஆறு வருடம் ஒன்றாக வேலை செய்திருக்கிறோம். ஊசியும் சணல் நூலும் எடுத்துக் கொடுத்தேன். தைக்கும் இடத்தில் கால் நீட்டி இருக்க ஒரு நீட்டு மர வாங்கு வேண்டும் என்றான்.

அது அவன் கேட்டது. தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன்.